உன் ஏரி கலங்குகிற இடம்

குட்டிம்மா,

காலையில் மோட்டார் போட்டதும் வாளியில் அந்த நெடி வந்தது. பெயின்ட் டப்பாவைத் திறந்தாற்போல. நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாய். நான் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் அந்தத் தண்ணீரைத் தொடவே பயமாக இருக்கிறது. அப்பா அதில்தான் குளிக்கிறார். வேறு எதில் குளிப்பார்?

நாளைக்கு உன் தண்டலம் காலேஜில், நீ திரையில் செய்த ஏரியை மறுபடி கண்காட்சிக்கு வைக்கிறார்களாம். உன் சிநேகிதி கவுசல்யா போன் செய்தாள். "ஆன்ட்டி, முதல் ஆளா நீங்கதான் பட்டையைக் கட்டிக்கணும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

நீ அதைச் செய்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெற்றியில் ஒரு பட்டை. மூளையில் ஓடுவதைப் பிடித்து அது கம்ப்யூட்டருக்கு அனுப்புமாம். சுவர் அளவு திரையில் நம் ஊர் ஏரி. கட்டிக்கொண்டவர் மனசு அமைதியாக இருந்தால் தண்ணீர் தெளியும், பயந்தால் கறுத்து நுரை தள்ளும்.

"இது இன்னாடி, பேய் ஓட்டற மாதிரி கீது?" என்று கேட்டேன்.

"பேய் நம்ம போர் தண்ணியில கீதும்மா. நான் அத்த வெளிய காட்டறேன், அவ்ளோதான்" என்றாய்.

எனக்கும் கட்டிவிடப் பார்த்தாய். நெற்றியில் பொட்டும் எண்ணெயும் இருந்தால் பட்டை பிடிக்காது என்று ஈரப் பஞ்சோடு வந்தாய். நான் விடவில்லை. "அஞ்சு நிமிஷம் பொட்டு இல்லன்னா அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. அவரு கம்பெனில ஓ.டி. பாத்துகினு நல்லாத்தான் கீறாரு" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாய்.

அப்புறம் ஒரு மத்தியானம் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு காலேஜுக்கு வந்தேனே. நீ பட்டையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். மாதிரிக்கு உன்னுடையதைப் பதிவு செய்கிறோம், பேசாமல் இருங்கள் என்று கவுசல்யா கிசுகிசுத்தாள். திரையில் தண்ணீர் கண்ணாடியாய்க் கிடந்தது. முந்தின நாள்தான் நீ தனியாக டாக்டரிடம் போய்வந்திருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"குட்டிம்மா, டாக்டர் இன்னா சொன்னாரு?"

நீ கண்ணைத் திறக்கவில்லை. "வெறும் சளிதான்னாரும்மா. நீ பேசாதே, தண்ணி கலங்குது பாரு."

ஏரி ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கறுத்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. நீயும் பட்டையை அவிழ்த்துவிட்டு, "இன்னா குழம்பு?" என்றாய்.

மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். உன் நெஞ்சில் என்ன இருந்தது என்று ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கடைசியில்தான் சொன்னார்கள். தண்ணீராலா, காற்றாலா என்று கேட்டேன். காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

போன மாதம் உன் பையை வாங்கிவர அங்கே போனேன். கவுசல்யா கதவைத் திறந்துவிட்டாள். அறை காலி. திரையில் ஏரி மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"யாரும் கட்டிக்கலையேம்மா, எப்படி ஓடுது?"

கவுசல்யா உன் பையை என்னிடம் நீட்டினாள். "அது அவளோடது ஆன்ட்டி. யாரும் கட்டாதப்போ அவ ரெகார்டிங்தான் திரும்பத் திரும்ப ஓடும்."

ஓடிவிடலாம் போல இருந்தது, ஆனாலும் பையை அணைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். தெளிந்த தண்ணீர், தெளிந்த தண்ணீர், அப்புறம் அந்த இடம் வந்தது. ஓரத்திலிருந்து கறுப்பு ஏறியது. நான் கேட்ட கேள்வி அதில் இல்லை, நீ சொன்ன பதிலும் இல்லை. கறுப்பு மட்டும் இருக்கிறது.

நாளைக்கு நானே பொட்டைத் துடைத்துக்கொள்வேன். என் நெற்றியில் பட்டை ஏறியதும் உன் ஏரி நின்றுபோகும். என் பயம் சுவர் முழுக்கத் தெரியும். தெரியட்டும். அவிழ்த்த பிறகு நீ திரும்பி வருவாயே, அந்த இடமும் வருமே, அதற்குத்தான் பயப்படுகிறேன். அன்றைக்கு உன் பையோடு அதையும் வீட்டுக்குச் சுமந்து வந்துவிட்டேன். வாளி நிரம்புவதைப் பார்த்தாலும் வருகிறது, கண்ணை மூடினாலும் வருகிறது.

குட்டிம்மா, நான் வாயைத் திறந்ததால்தான் அன்றைக்குத் தண்ணீர் கலங்கியதா? அல்லது, அது வெறும் சளி இல்லை என்று அப்போதே உனக்குத் தெரியுமா?