இடது காதில் என் குரல்

டிசம்பர் 6, சனி இரவு

கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகையில் சர்ச் பாடல் குழுவை நடத்தும் ஸ்டெல்லா ஆன்ட்டி எல்லார் முன்னாலும் என்னிடம் சொன்னார்: “சுருதி தப்புறது நீதாம்மா. அன்னிக்கு சும்மா வாய மட்டும் அசை, ஓகேவா?” வலப்பக்கம் நின்ற அவர் மகள் ஷெரின் சிரித்தாள்.

அக்கா தூங்கியதும், அவள் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய மலிவு இயர்போனை எடுத்து, இடமும் வலமுமாக இரண்டு மைக் வைத்துச் செய்த ஒத்திகைப் பதிவைக் கேட்டேன். வயர் நூல் மாதிரி இருக்கிறது, பேஸ், அதாவது அடித்தொனி, அதிகம். ஆனாலும் குரல்களை நன்றாகப் பிரித்துத் தருகிறது. இடப்பக்கம் நின்ற நான் இடது காதில் சரியாகப் பாடுகிறேன். தப்புவது வலது காதில். அது ஷெரின்.

நாளை ஆன்ட்டியை இந்தப் பதிவைக் கேட்க வைக்கப்போகிறேன். குழுவைவிட்டே நீக்கிவிடுவாரோ? நீக்கட்டும். சபையோடு பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் பாடுவேன். அங்கே யார் தடுப்பார்கள்?