மேலிருந்து ஒரு துளி

மார்ச் 4
அண்ணனின் புற்றுநோய்க்கு எங்கள் ஆராய்ச்சி மருந்தைத் தர டாக்டர் ஒத்துக்கொண்டார். முதல் ஊசி பன்னிரண்டாம் தேதி. அந்த மருந்துத் துகளின் அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான்தான். நோயாளி என் சொந்த அண்ணன் என்று ஆய்வகத் தலைவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அளவு பார்ப்பதில் என்ன சொந்தம் என்று கேட்டார்.

அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். போன வருடம் கொடுத்த மருந்தில் முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் குடிக்கக்கூட அழுதான். இது எப்படி என்று கேட்டான். மருந்தைக் குட்டிக் கொழுப்பு உருண்டைக்குள் அடைத்து அனுப்புகிறோம், பெரும்பாலும் கட்டியில் போய்த்தான் திறக்கும் என்றேன்.

"பழசு எல்லா ஸ்டாப்புலயும் நின்னு எறங்குச்சு. இது எக்ஸ்பிரஸ்னு சொல்லு."

அண்ணி ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார்.

மார்ச் 9
மருந்துத் தொகுப்பு வந்தது. துகளின் அளவு 127 நானோமீட்டர்.

120-ஐத் தாண்டக் கூடாது. தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு, அதற்குள்தான் எங்கள் பிழைப்பு. உருண்டைகள் ஒட்டிப் பெருத்தால் கட்டிக்குள் நுழையாது, நுரையீரலில் போய் அடைக்கலாம். மறுபடி பார்த்தேன். 128.

எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு திருட்டுத்தனம் உண்டு. குப்பியை ஆட்டாமல் அரைநாள் வைத்தால் ஒட்டிக்கொண்டவை அடியில் தங்கிவிடும். மேலிருந்து ஒரு துளி எடுத்தால் நல்ல எண் வரும். வைத்தேன். எடுத்தேன். 114.

அவனுக்கு நாள் இல்லை. எட்டு எண்தானே — யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அடியில் இருப்பதும் சேர்த்துத்தானே அவன் ரத்தத்தில் போகும்? இதே தொகுப்பிலிருந்து ஊசி போட்டுக்கொள்ளப் போகும் இன்னும் ஐந்து பேருக்கும்?

மார்ச் 10
மூன்று எண்களையும் எழுதினேன். கடைசித் துளியை எப்படி எடுத்தேன் என்பதையும் எழுதினேன். தகுதியில்லை என்று கையெழுத்துப் போட்டேன். தொகுப்பு மொத்தத்தையும் அழித்துவிட்டார்கள். அடுத்த தொகுப்பு ஏப்ரலில்தான்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய் நானே சொன்னேன்.

"பிரேக் சரியில்லாத வண்டிய நானும் எடுக்க மாட்டேன், எலி" என்றான். நான் எலிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவன் எனக்கு வைத்த பெயர். அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மார்ச் 21
அண்ணன் கண் மஞ்சளாக இருக்கிறது.

மார்ச் 30
ஈரல் கைவிட்டுவிட்டது. இந்த நிலையில் ஊசி போட்டால் ஊசியே ஆளைக் கொன்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஏப்ரல் 3
புதுத் தொகுப்பு. 98. இவ்வளவு நல்ல எண் இதுவரை வந்ததே இல்லை.

ஐந்து குப்பி அனுப்பினால் போதும் என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 16
அண்ணன் போய்விட்டான். காலை ஒன்பதே கால்.

மே 2
நீ செஞ்சது சரிதான்னு தலைவர் சொல்றார், டாக்டர் சொல்றார், எல்லாரும் சொல்றாங்க. சரின்னா ஏன் இப்படி நெஞ்சு வலிக்குது? அந்த 114-ஐ மட்டும் எழுதியிருந்தா? செத்திருப்பானா? பொழச்சிருப்பானா? ஐயோ, யார்கிட்ட போய்க் கேக்கறது?

ஜூலை 19
மூன்று மாதத்துக்குப் பிறகு அண்ணியின் போன். சாப்பிட்டாயா என்றார். நான் நலம் விசாரித்தேன்.

"அந்த மருந்து மத்தவங்களுக்குக் கேட்டுச்சாம்மா?"

போன வாரம்தான் ஸ்கேன் வந்தது. ஐந்து பேரில் மூன்று பேருக்குக் கட்டி பாதியாகியிருக்கிறது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"மூணு பேருக்குக் கேட்டுச்சு, அண்ணி."

அந்தப் பக்கம் மிக்சி ஓடி நின்றது.

"அப்ப உங்கண்ணனுக்கும் கேட்டிருக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை.

கேட்டிருக்கலாம் என்றேன். போனை வைத்துவிட்டார்.