டீசல் முள் காட்டியது

தர்சிகா,

காலை ஆறே கால். உன் தம்பி சுதாகரனைப் பார்க்கக் கொக்குவிலுக்குப் பஸ்ஸில் போகிறேன்.

நேற்று அவன் நம் வான் வண்டியைத் திருப்பித் தந்தபோது டீசல் அளவு முள் அடியில் கிடந்தது. “ஓடி முடிச்சியோ, வித்து முடிச்சியோ?” என்று கேட்டுவிட்டேன். இன்று தொட்டியைத் திறந்து ஈர்க்கு விட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் நனைந்து வந்தது. முள்ளை அசைக்கும் மிதவையில்தான் ஓட்டை. உள்ளே டீசல் புகுந்து அது தாழ்ந்துவிட்டது.

வானை எடுக்காதே. தொட்டி வாயைத் துணியால் அடைத்திருக்கிறேன். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். மத்தியானம் அவனுக்கும் சேர்த்து உலை வை. வருவானோ தெரியாது.

நேற்று போகும்போது வாசல் படலையில் அவன் என்ன கேட்டான் என்று நீ விசாரித்தாய். நான் சொல்லவில்லை. இதுதான்:

“தொட்டிக்குள்ளை ஒருக்காப் பாத்திட்டோ கதைக்கிறியள், அத்தான்?”