சைலென்சர் பூட்டாத ஞாயிற்றுக்கிழமை

அப்பா,

கைகளைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டேன். பெற்றோல் மணம் போகவில்லை. பனிக்காலம் முழுவதும் மூடிவைத்திருந்த காரின் உறையை இன்று காலை கழற்றி, இஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். ஒவ்வொரு சித்திரையிலும் இதைச் செய்கிறேன். அந்த ஐந்து நிமிடமும் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். பால் முடிந்துவிட்டது என்று சொல்லி வெளியே போவீர்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் இரண்டு பை பால் இருக்கும். இந்த முறை பால் வாங்கப் போக நீங்கள் இல்லை. மார்கழியில் போய்விட்டீர்கள்.

இந்தக் காரை வாங்கியபோது எனக்கு இருபத்தொரு வயது. மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் பண்ணையில், வைக்கோலுக்கு நடுவே கிடந்தது. அறுபதுகளின் கடைசியில் செய்த இரண்டு கதவுக் கார். நீண்ட மூக்கு, எட்டுச் சிலிண்டர் இஞ்சின். உள்ளே ஏறிக் காலை வைத்தால் தரைத் தகடு இற்று, கால் நேரே மண்ணில் பட்டது. அதை இழுத்துக்கொண்டு வந்து ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கியபோது, நீங்கள் வேலை உடுப்போடு வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தீர்கள். "பழைய இரும்புக்காரனும் உதைத் தொடமாட்டான்" என்றீர்கள். அம்மா மட்டும் முறை தவறக் கூடாது என்று நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். கார்தான் உருளவில்லை. கடைசியில் நானே சுத்தியலால் அவற்றை நசுக்கினேன். அன்றைக்கு நீங்கள்கூடச் சிரித்தீர்கள்.

அந்த வருடம்தான் வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்தது. நீங்கள் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் டவுன்ரவுனில் நடந்த போராட்டத்துக்கு நேரே போய், பதாகை பிடித்துச் சனத்தோடு சனமாக நின்றீர்கள். உங்கள் ஒரே தம்பி, என் சித்தப்பா, கடற்கரையோரம் சண்டை சுற்றி வளைத்த அந்தச் சிறிய துண்டு நிலத்துக்குள் இருந்தார். சித்தி, காயப்பட்ட மகளோடு, காயக்காரரை ஏற்றிய கப்பலில் முன்னரே வெளியே போய்விட்டார். சித்தப்பாவிடமிருந்து வாரக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. தொலைபேசியைக் குளியலறைக்குள்ளும் கொண்டுபோனீர்கள்.

நான் கராஜுக்குள் இருந்தேன். தொலைக்காட்சியில் வந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை. இது இப்போது சொல்கிற சமாதானம். உண்மை என்னவென்றால், இருபத்தொரு வயதில் எனக்கு உலகத்தில் மிக முக்கியமான சாமான் ஒரு காபரேற்றராக இருந்தது. ஒருநாள் கராஜ் கதவில் நின்று, "அங்கை சனம் சாகுது. இவர் இங்கை இஞ்சின் கழுவுறார்" என்றீர்கள். "நான் கழுவாட்டி அங்கை சண்டை நிண்டிடுமோ அப்பா?" என்று கேட்டேன். நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். இஞ்சினைப் பூட்டி முடித்திருந்தேன். சைலென்சர் இன்னும் பூட்டவில்லை. அது வந்துசேரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. சும்மா ஒருமுறை ஓடுகிறதா என்று பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினேன். மூன்றாம் முறையில் பிடித்துக்கொண்டது. சைலென்சர் இல்லாத எட்டுச் சிலிண்டர் எப்படிக் கத்தும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கராஜ் சுவரில் தொங்கிய சாவிகள் எல்லாம் ஆடின.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து வரும் கதவைத் திறந்துகொண்டு வந்தீர்கள். ஒரு காதில் தொலைபேசி. மற்றக் கையை மேலே தூக்கி ஆட்டினீர்கள். வாய் அசைந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கடைசியில் அப்பாவும் பார்க்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். உங்களுக்குக் காட்டுவதற்காக அக்சிலேற்றரை இன்னும் அழுத்தினேன். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு அழுத்தினேன். நீங்கள் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, தொலைபேசிக்குள் "ஓம்… ஓம்…" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் முகத்தைப் பார்த்துச் சாவியைத் திருப்பி நிறுத்தினேன். இரைச்சல் அடங்கிய கராஜுக்குள் தொலைபேசியிலிருந்து சித்தப்பாவின் குரல் எனக்கும் கேட்டது. "அப்ப சரி அண்ணை, வைக்கிறன்."

அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவர் சொன்னது எதுவும் உங்களுக்குக் கேட்கவில்லை. அங்கே அந்த ஒரு தொலைபேசிக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்களோ, திருப்பிச் சொல் என்று கேட்டு அவனுக்குக் கிடைத்த நேரத்தை வீணாக்க மனம் வரவில்லை என்று பிறகு அம்மாவிடம் சொன்னீர்கள். நீங்கள் ஓம் ஓம் என்றதைக் கேட்டு, எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் வைத்துவிட்டார். என்னை நீங்கள் அடித்திருக்கலாம். காரை உடைத்திருக்கலாம். தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "ஓடுதோ?" என்று மட்டும் கேட்டீர்கள். "ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு சித்தப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சண்டை முடிந்து சில வாரங்கள் கழித்து முகாமிலிருந்து சித்தி யாரோ ஒருவருடைய தொலைபேசியில் எடுத்தார். "அத்தான், அவர் உங்களோட கதைச்சவரோ?" நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். "கதைச்சவன், பிள்ளை. இடையில லைன் கட்டாப் போச்சு" என்றீர்கள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். எனக்காகச் சொன்ன பொய் அது. மூச்சு வந்தது எனக்கு.

அந்தப் பொய் அங்கே போய் என்னவாகும் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. இங்கே ஸ்கார்புரோவில் லைன் கட்டானால் திருப்பி எடுப்பார்கள். அந்தத் துண்டு நிலத்தில் இருந்து வந்தவருக்கு லைன் கட்டானது என்றால் எறிகணை விழுந்து ஆள் முடிந்தது என்று அர்த்தம். அடுத்த வருடம் சித்தி, லைன் கட்டானது எந்த நாள், எத்தனை மணி என்று உங்களிடம் கேட்டார். எதற்கு என்று தெரியாமல் சொன்னீர்கள். பஞ்சாங்கத்தில் திதி பார்த்து, அந்த நாளில் சித்தப்பாவுக்கு முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசம் செய்தார் சித்தி. பொட்டை அழித்தார். படத்துக்கு மாலை போட்டார். மற்றவர்கள் காணாமல் போன தங்கள் ஆட்களை முகாம் முகாமாக, சிறைச்சாலை வாசல் வாசலாகத் தேடினார்கள். சித்தி தேடவில்லை.

ஒவ்வொரு வருடமும் அந்தத் திதியில் நீங்களும் விரதம் இருந்தீர்கள். அம்மா சமைத்தார், படைத்தோம். பாயாசத்தில் கஜு போதாது என்று சொல்லி நானும் சாப்பிட்டேன். காரும் முடிந்தது. கடும் சிவப்புப் பெயின்ற் அடித்து, கலியாணங்களுக்கு மாப்பிள்ளைக் காராகப் போய்வந்தது. ஒரு நாளும் நீங்கள் அதில் ஏறவில்லை. "என்ரை முதுகுக்கு உது சரிவராது" என்பீர்கள்.

ஒரு தடவை, வாசலில் இருவரும் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது, சித்தியிடம் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்றேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றீர்கள். "ஆருக்காகச் சொல்லப் போறாய்? அவளுக்காகவோ? உன்ரை பாரத்தை இறக்கத்தான் நீ ஆள் தேடுறாய்." எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை. ஒருநாள் என்னைப் பிடித்துக் கத்தியிருந்தால், நானும் கத்தியிருப்பேன், சித்திக்கு உண்மை போயிருக்கும். நீங்கள் நல்ல அப்பாவாக இருந்தீர்கள். அதற்கு விலை கொடுத்தது வேறொருத்தி.

போன மாதம் சித்தி தொலைபேசி எடுத்தார். "தம்பி, அத்தான்தான் அங்கை விரதம் பிடிக்கிறவர். இனி நீங்கள் பிடிப்பியளோ?" ஓம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததும் அதுதான். ஆனால் சொல்லிவிட்டேன், அப்பா. கார், சத்தம், நான் அழுத்தியது, சித்தப்பா கடைசியில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன்.

சித்தி அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "வைக்கிறன் எண்டு சொல்லித்தான் வைச்சவரோ?" என்று கேட்டார். "ஓம் சித்தி." பிறகு, "கிளிநொச்சியில றோட்டோரமா தாய்மார், காணாமல் போன பிள்ளையளின்ரை படங்களோட கொட்டில் போட்டு இருக்கினம், தம்பி. நான் வேலைக்குப் போகேக்கை அவையைத் தாண்டித்தான் பஸ்ஸில போறனான். பாவங்கள், இன்னும் தேடுதுகள் எண்டு நினைச்சுக்கொண்டு போறனான்" என்றார்.

போன கிழமை அந்தத் திதி வந்தது. சித்தியின் மகள் செய்தி அனுப்பியிருந்தாள். தன் அம்மா இந்த வருடம் படையலுக்கு அடுப்பு மூட்டவில்லை, தன் அப்பாவின் படத்தில் இருந்த மாலையைக் கழற்றிவிட்டு, படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய்விட்டார், அந்தக் கொட்டிலில் இருக்கிறார், கூப்பிட்டால் வருகிறார் இல்லை என்று.

நீங்கள் சொன்னது சரி, அப்பா. பாரத்தை இறக்கிவைக்கத்தான் ஆள் தேடினேன். அறுபது வயதில் அவர் அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் இருக்கிறார். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை.