பாப்பாவுக்கு வெட்டிய நிமிடங்கள்

வெள்ளிக்கிழமை, மாலை

என் அன்பு மனைவிக்கு,

இங்கே நானும் பாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, சண்டை போட்டாவது ஒரு நல்ல நாற்காலி வாங்கிக்கொண்டாயா என்பதை முதலில் எழுது. மைக்ராஸ்கோப் முன்னால் எட்டு மணி நேரம் குனிந்து உட்காருகிறவர்களுக்கு நாற்காலிதான் முக்கியம் என்று நான் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். இங்கே நம் ஆஸ்பத்திரி லேபில் உன் ஓட்டை நாற்காலியைப் பன்னிரண்டு வருஷம் மாற்றாமல் வைத்திருந்த தலைமை டெக்னீஷியன் நான்தானே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். "பாப்பா ஏன் உங்ககிட்ட பேசுறதே இல்ல?" என்று நீ போனில் மூன்று தடவை கேட்டுவிட்டாய். மூன்று தடவையும் பரீட்சை, படிப்பு என்று மழுப்பினேன். அவளும் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பன்னிரண்டு நாளாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு என்மேல்தான். அதை உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதினால் நீ குறுக்கே கேள்வி கேட்க முடியாது.

வீட்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் குழாய் இப்போது சொட்டுவதில்லை. உன் தம்பி வந்து வாஷர் மாற்றினான். ஐந்து நிமிட வேலை, அதற்கு ஒரு மணி நேரம் பிரசங்கம். பால்கனித் தொட்டிகளில் இரண்டு செடி போய்விட்டது. எந்த இரண்டு என்று கேட்காதே. லேபுக்குப் புதிய மெஷின் வந்திருக்கிறது. அது மக்கர் பண்ணுகிற நாளெல்லாம் எல்லாரும் உன்னை நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே உன் லேப் வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கும் படிவத்தை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்றாய். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இனி சைக்கிள் கிளப். நீ இருந்தபோது நம் கிளப் பந்தயம் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவோம், பேக்கரிக்காரர் முதலில் வருவார், மற்றவர்கள் அவர் முகம் கழுவி டீ குடித்து முடித்த பிறகு வந்து சேருவார்கள். இந்த வருஷம் தலைவர் பல் டாக்டர் முறையை மாற்றிவிட்டார். மெதுவாக ஓட்டுகிறவர்களை முதலில் அனுப்புவது, வேகமானவர்களைக் கடைசியில் அனுப்புவது. யாரை எத்தனை நிமிடம் முன்னால் அனுப்புவது என்று ஒருவர் கணக்குப் போட வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் முப்பத்திரண்டு கிலோமீட்டர் கழித்து அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கோட்டுக்கு வருவார்கள். யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்.

இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் டியூட்டி லிஸ்ட் போடுகிறவர், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காதவர் என்று சொல்லி அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். கிளப்பில் இப்போது என்னை நிமிஷக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்த முறை வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் களைகட்டிவிட்டன. சீசனுக்கு ஏழு பந்தயம், பதினைந்து நாளுக்கு ஒன்று. நீர்த்தேக்கக் கரையில் கிளம்பி, சிமெண்ட் கிடங்கு, ரயில்வே கேட், தண்ணீர்த் தொட்டி மேடு என்று சுற்றி மறுபடி கரைக்கே வர வேண்டும். இரண்டாவது பந்தயத்தில் டைப்ரைட்டிங் டீச்சர் ஜெயித்தார் என்றால் நம்புவாயா? பதினெட்டு நிமிடம் கொடுத்திருந்தேன். ஹேண்டில்பாரில் கைப்பை தொங்கத் தொங்க, ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல் வந்து கோட்டைத் தாண்டி, அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். பரிசு கொடுக்க ஆள் அனுப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது. மூன்றாவது பந்தயத்தில் ரயில்வே கேட் மூடிவிட்டது. முன்னால் போனவர்களும் பின்னால் வந்தவர்களும் ஒன்றாக நின்று கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கை நேராக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

பாப்பா இந்த வருஷம்தான் கிளப்பில் சேர்ந்தாள். பத்தொன்பது வயதுப் பெண்ணை மைக்கில் பாப்பா என்று கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குக் கோபம். அது நாம் பண்ணின தப்பு. அவளுக்கு ஒரே ஒரு ஆசை. சீசன் முடிவில் புள்ளிகளில் முதல் மூன்று இடத்துக்கு வருகிறவர்கள், ஊர்களுக்கு இடையே நடக்கும் பந்தயத்துக்குக் கிளப் சார்பாகப் போவார்கள். அதற்காக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஆறு தடவை ஏறி இறங்குவாள். நம் வீட்டில் யாரும் எழுப்பாமல் ஒருத்தி எழுந்த அதிசயம் இந்த வருஷம்தான் நடந்தது.

நான் செய்தது இதுதான். சீசனுக்கு முன்னால் எல்லாரையும் தனித்தனியாக ஓட்டவைத்து நேரம் எடுத்தேன். பேக்கரிக்காரர் ஐம்பத்து நான்கு நிமிடம், பாப்பா அறுபத்து நான்கு. அப்படியென்றால் அவளுக்குப் பத்து நிமிடம் கொடுக்க வேண்டும். லிஸ்ட் எழுத உட்கார்ந்தபோது பல் டாக்டர், "நிமிஷக்காரர் வீட்டுல நிமிஷத்துக்கு என்ன பஞ்சம்?" என்று சொல்லிச் சிரித்தார். அவர் யாருடைய பல்லைப் பிடுங்கும்போதும் இப்படி ஏதாவது சொல்லிச் சிரிக்கிறவர்தான். எனக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. பாப்பாவுக்கு எட்டு என்று எழுதினேன்.

அதோடு விட்டேனா? ஒருவர் முன்னேறினால் அடுத்த தடவை அவருடைய நிமிடத்தைக் குறைக்க வேண்டும். முன்னேறியதில் பாதியைத்தான் குறைப்பது என்று விதி எழுதியவனே நான்தான், இல்லாவிட்டால் உழைக்கிறவனுக்கு என்ன லாபம்? மற்ற எல்லாருக்கும் பாதி வெட்டினேன். பாப்பாவுக்கு மட்டும் முழுசாக வெட்டினேன். அவள் ஐந்து பந்தயத்தில் நான்கு நிமிடம் முன்னேறினாள். அவளுக்கு எட்டு நிமிடம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தது.

பதினோராவது, ஒன்பதாவது, பத்தாவது என்று வந்தாள். நான்காவது பந்தயத்தில் கோடு கண்ணுக்குத் தெரியும்போது பின்னால் இருந்து எல்லாரும் வந்து அவளைத் தாண்டிப் போனார்கள். நான் கோட்டருகில் ஸ்டாப்வாட்சோடு நின்று அதைப் பார்த்தேன். "எவ்ளோ ஓட்டினாலும் எனக்கு வரல மாமா, நான் இதுக்கு லாயக்கு இல்ல போல" என்று உன் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அவன் வந்து என்னிடம் சொன்னான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாட்டிக்கொண்டதும் என் புத்திசாலித்தனத்தால்தான். ஆறாவது பந்தயத்துக்கு முன்னால் என் கண்ணாடி உடைந்துவிட்டது. லிஸ்டை மறுநாள் காலை பந்தயத்துக்கு முன்னால் பல் டாக்டர் கிளினிக் வாசலில் ஒட்ட வேண்டும். நோட்டைப் பாப்பாவிடம் கொடுத்து, அழகாகப் படியெடுத்துத் தரச் சொன்னேன். புள்ளியியல் படிக்கிற பெண்ணிடம்! முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள், தன்னுடைய நான்கு நிமிடத்தையும் சேர்த்து. காலையில் நான் ஷூ போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். "அப்பா, எல்லாருக்கும் பாதி வெட்டியிருக்கீங்க, எனக்கு மட்டும் ஏன் முழுசா?" என்று கேட்டாள். "நீ என் பொண்ணும்மா. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்றேன். "அந்த நாலு பேர் யாரு? பேரைச் சொல்லுங்க, நான் போய்க் கேக்கிறேன்" என்றாள். யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயர்கூட வரவில்லை.

அவள் சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். கதவு வரை போய்த் திரும்பி, "அம்மாவுக்கும் லேபுல இப்படித்தான் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அன்றைக்குப் பந்தயத்துக்கும் வரவில்லை.

மறுநாள் லேப் அலமாரியைத் திறந்து பழைய டியூட்டி ரிஜிஸ்டர்களை எடுத்தேன். ஆறு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பேர். நீ போவதற்கு முந்தின வருஷத்தில் மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்குப் பதினைந்து ஞாயிறு. உனக்கு இருபத்தொன்பது. அதற்கு முந்தின வருஷம் இருபத்தெட்டு. எல்லாம் என் கையெழுத்து. பாப்பாவின் பள்ளி விழாக்களுக்கு நான் தனியாகப் போய் உட்கார்ந்திருந்தது ஏன் என்று இப்போது தெரிகிறது. அங்கே வேலை கிடைத்தபோது, "அங்க ஞாயித்துக்கிழமை டியூட்டிய முறை போட்டுக் குடுப்பாங்களாம்" என்று நீ சொன்னாய். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். நீ ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததால் உனக்குத் தெரியாது என்று நினைத்தேனே, என்னைப் போல மடையன் உண்டா?

நேற்று கிளப் கமிட்டியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அட, நாங்க யாரும் ஒண்ணும் நெனைக்கலையே, பாவம் புள்ள ஏன் இவ்ளோ கஷ்டப்படுதுன்னுதான் பாத்தோம்" என்றார் பேக்கரிக்காரர். சரியான நிமிடம் கொடுத்திருந்தால் அவள் இரண்டு பந்தயம் ஜெயித்திருப்பாள் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். போன புள்ளிகளைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். அது நியாயம்தான். மிச்சம் இருப்பது நாளை மறுநாள் கடைசிப் பந்தயம். அவளுக்கு எட்டு நிமிடம் என்று எழுதி ஒட்டிவிட்டேன். ஜெயித்தாலும் முதல் மூன்றில் வர முடியாது. ஆனால் தான் லாயக்குதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வருவாளா என்று தெரியவில்லை. இதை இப்போது தபாலில் போடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

வந்தாள். லிஸ்டைப் பார்த்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோட்டுக்கு வந்தாள்.

முதலில் டைப்ரைட்டிங் டீச்சர் போனார். பிறகு வங்கிக்காரர்கள் இரண்டு பேர், உன் தம்பி. எட்டு நிமிடக்காரர்களைக் கூப்பிட்டபோது பாப்பாவோடு நிற்க வேண்டியவர்கள் மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள். அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றாள். தண்ணீர் குடித்தாள். "பாப்பா, உன் டைம் போயிட்டிருக்கு!" என்று பல் டாக்டர் மைக்கில் கத்தினார். அவள் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள், அவ்வளவுதான். வாட்ச் பிடிக்கிறவன் யாரிடமும் பேசக்கூடாது என்பதும் நான் எழுதிய விதிதான். ஏழு, ஆறு, ஐந்து என்று ஒவ்வொரு நிமிடமாகப் போனது. இத்தனை வருஷத்தில் அந்த எட்டு நிமிடம் போல நீளமான எட்டு நிமிடத்தை நான் பார்த்ததில்லை. கடைசியில் பேக்கரிக்காரரும் இன்னும் நான்கு பேரும் கோட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு நிமிடம் கிடையாது. அவர்களோடு கிளம்பினாள்.

தண்ணீர்த் தொட்டி மேடு வரைக்கும் அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். மேட்டில் அவர்கள் அவளை விட்டு முன்னால் போய்விட்டார்கள். பிறகு தனியாக எதிர்காற்றில் வந்தாள். எல்லாரும் வந்து, டைப்ரைட்டிங் டீச்சர்கூட வந்து, தலையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டினாள். ஆனால் வாட்ச் வேறு கதை சொன்னது. ஐம்பத்தேழு நிமிடம் பத்து நொடி. அவள் இதுவரை ஓட்டியதில் இதுதான் வேகம்.

கோபத்தில் செய்தாளா, ரோஷத்தில் செய்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. "ரெண்டும்தான் மச்சான், அக்கா மக இல்லையா" என்கிறான் உன் தம்பி. மூச்சு வாங்குவது அடங்கிய பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். "எவ்ளோ?" என்று கேட்டாள். சொன்னேன். "கூட்டாம குறைக்காம எழுதுங்க" என்றாள். நான் எழுதுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனாள். பதினான்கு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய வார்த்தைகள் இவைதான். மன்னித்துவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

இனி உன் படிவம். போன வாரம் கையெழுத்துப் போட்டுவிடு என்று போனில் நான்தான் சொன்னேன். நல்ல வேலையில் இருக்கிற மனைவியைத் தன் சௌகரியத்துக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டான் என்று யாராவது சொல்வார்களோ என்று பயந்து சொன்னது. யார் சொல்வார்கள் என்று நீ கேட்டால் இப்போதும் எனக்குப் பதில் தெரியாது. உனக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். அங்கே இருப்பது உனக்கு நிம்மதி என்றால் தாராளமாகப் போடு. நான் முகம் சுளிக்க மாட்டேன், யாரிடமும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னைக் கேட்டால், போடாதே. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. லேபில் லிஸ்ட் போடும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லி உன்னை மயக்கப் பார்க்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பாப்பா நன்றாக ஓட்டுகிறாள். அடுத்த சீசனில் அவள் வருவதைக் கோட்டருகில் நின்று நீ பார்க்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் நடக்காதே. எங்கே இருந்தாலும் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே இருந்தால் நானும் சுகமாக இருப்பேன்.

உன் பதிலை எதிர்பார்த்து,
உன் கணவன்