இருபத்தோரு நீல உறைகள்

மூன்று கண்டங்களும் நாலு சமுத்திரங்களும் பெயரைக் கேட்டாலே நடுங்கும் என் மருமகளுக்கு, நாலடி அகல நாணயக் கடையின் ஏகச் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய நான் எழுதுவது. நான் சௌக்கியம். என் தொப்பை என்னைவிடச் சௌக்கியம். மற்றவர்களைப் பற்றிக் கீழே வருகிறது. அதற்குத்தான் கடிதமே.

போனில் பேசாமல் இந்த மனுஷன் ஏன் நாலு பக்கம் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புகிறான் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானாக அளக்க ஆரம்பித்துவிடுகிறது. நீ சிரிக்கிறாய். சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். போன மாதம் இரண்டு தடவை இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் என் கடைக்குள் யானை புகுந்த கதையைச் சொல்லி முடித்தேன்.

உன் அம்மாவுக்கு முட்டி வலி என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறோம். முட்டி இல்லை, இடுப்பு மூட்டு. தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறதாம். ஐந்து மாதமாக என் அக்கா அந்த மூன்றாம் மாடியை விட்டுக் கீழே இறங்கவில்லை. கட்டிலிலிருந்து சமையலறைக்குப் பதினோரு அடி. அதை அவள் கடந்து முடிப்பதற்குள் நான் இரண்டு தடவை குளித்து, தலையும் துவட்டிவிடலாம். உன்னோடு வீடியோவில் பேசும்போது நிமிர்ந்து உட்கார்ந்து சிரிக்கிறாளே, அதற்கு அரை மணி முன்னாலிருந்தே உன் அப்பா அவளைத் தயார் செய்கிறார். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை. உனக்குத் தெரிவது முகம் மட்டும். ஊரிலிருக்கிற லிஃப்டையெல்லாம் முப்பத்தைந்து வருஷம் ரிப்பேர் செய்த மனுஷன், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் பெண்டாட்டிக்குத் தலையணை அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

மூட்டை மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற பத்தொன்பதாம் தேதி குறித்திருக்கிறது. அதற்கு இரண்டு நாள் முன்னால் பணம் கட்ட வேண்டும். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். என் சத்தியத்துக்கு என்ன விலை என்று இந்தக் கடிதத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும்.

நீ வேலைக்கென்று கிளம்பிப் போய் ஆறு வருஷம் ஆகிறது. நீ அனுப்பிய பணத்தை மூன்று தடவை அவர் திருப்பி அனுப்பினார். இந்தத் தடவை நான் மெதுவாகப் பேச்செடுத்தேன். போனவ போனவதான் மச்சான், என்கிட்ட நாணயம் இருக்கு, யார் கையையும் நான் பாக்கவேண்டியதில்ல என்று சொல்லிவிட்டார்.

அந்த நாணயம் உனக்கு நினைவிருக்கும். பிஸ்கட் டின்னுக்குள் நீல அட்டை உறைகள், இருபத்தொன்று. நீ பிறந்த வருஷம் ஒன்று, பிறகு வருஷத்துக்கு ஒன்று, நீ போகிற வரைக்கும். நாணயச்சாலையில் அச்சடித்து, கடைக்கும் பஸ்ஸுக்கும் போகாமல், ஒரு கையும் படாமல் அப்படியே பிளாஸ்டிக்கில் ஒட்டி விற்கிற செட் அது. கை படவில்லை என்பதுதான் அதன் விலை. கை பட்டுவிட்டால் அதே நாணயத்துக்கு ஒரு டீ வரும், அவ்வளவுதான்.

இந்தச் செட்டுகளை வீடு வீடாகக் கொண்டுவந்து விற்கிற ஏஜென்ட் ஒருவன் முதல் செட்டைக் கொண்டுவந்தபோது நான் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். புது நாணயத்தில் வெளிச்சம் ஓரிடத்தில் நிற்காது. சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி வட்டமாக ஓடும். ஓடிற்று. அசல்தான். ஈ கூட உட்காராத நாணயம் இது, அரண்மனைக்குப் போகவேண்டியது வழி தவறி இங்கே வந்திருக்கிறது என்று முழங்கினேன். உறையின் பின்பக்கம் 'சரி' என்று எழுதி என் கையெழுத்தையும் போட்டேன். இந்த நகரத்திலேயே கண் என்றால் உங்கள் கண்தான் சார் என்று அந்த ஏஜென்ட் சொன்னான். அதுதான் எனக்குக் கிடைத்த கமிஷன், முழுசாக வாங்கிக்கொண்டேன்.

அடுத்த இருபது உறைகளிலும் என் 'சரி' இருக்கிறது. ஒன்றைக்கூட நான் சாய்த்துப் பார்க்கவில்லை. அதே உறை, அதே ஆள், அதே சாப்பாடு. வருஷா வருஷம் உன் பிறந்தநாளன்று விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனேன். ஒன்பதாம் வருஷத்துக்கு ஒரு மாடி வீடு. பதினேழாம் வருஷத்துக்கு ஒரு கப்பல், மாலுமியோடு. நீயும் உன் அம்மாவும் சிரித்தீர்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. மெக்கானிக் இல்லையா, யார் எந்த அளவைச் சொன்னாலும் அதை அப்படியே குறித்துக்கொள்கிறவர்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை, டின்னைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். விலை போடு மச்சான் என்று எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். பரவால்ல, எனக்கு என்ன ஜோலி என்றார். முதல் உறையை எடுத்து விளக்கடியில் சாய்த்தேன். வெளிச்சம் ஓடிற்று. இரண்டாவதை எடுத்தேன். ஓடவில்லை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே பளபளப்பு, கழுவின தட்டு மாதிரி. லென்ஸை வைத்தால் முழுக்கக் கோடு, துணியால் தேய்த்த கோடு. தலை உருவத்தில் காது மழுங்கியிருக்கிறது. ஆயிரம் சட்டைப் பையில் கிடந்து தேய்ந்த சில்லறையைப் பாலிஷ் போட்டு, புது பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கிறான். மூன்றாவதும் அப்படி. ஆறாவதில் ஒரு நாணயத்தில் யாரோ ஆணியால் கீறிய எழுத்தின் வால் இருந்தது. எந்தக் கையும் படாத நாணயம் என்று அதன் பின்னால் என் கையெழுத்து.

ஏன் இப்படி வேர்க்குது என்று உன் அப்பா கேட்டார். ஃபேன் மெதுவாக ஓடுகிறது என்றேன். உடனே எழுந்து, என் மேஜையிலிருந்தே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஸ்டூல் மேல் ஏறிவிட்டார். நான் ஏழிலிருந்து இருபத்தொன்று வரை பார்த்து முடிக்கிற வரையில், அவர் என் தலைக்கு மேலே நின்று எனக்குக் காற்று வரவேண்டும் என்று வேலை செய்துகொண்டிருந்தார். இறங்கி வந்து என்ன மச்சான் என்றார். நல்லாயிருக்கு அத்தான் என்றேன்.

அந்த ஏஜென்டைத் தேடிப் போனேன். நாலு வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டானாம். சட்டையைப் பிடிக்கக்கூட ஆள் இல்லை.

பிறகு உன் மாமன் ஒரு மகா தந்திரம் செய்தான். கடையில் இருந்த நல்ல சரக்கில் பாதியைத் தள்ளிவிட்டு, ஆபரேஷனுக்குப் போதுமான ஒரு தொகையைத் திரட்டி, வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் அந்தத் தொகைக்கு டின்னோடு கேட்கிறார் என்று மூன்று மாடி ஏறிப் போய்ச் சொன்னேன். உன் அப்பா சிரிசிரியென்று சிரித்தார். கப்பல்னு நீதானே சொன்ன, இது துடுப்புக்குக்கூடக் காணாதே, அந்தாள் உன்னை ஏமாத்தப் பாக்கறான், நீ ஜாக்கிரதையா இரு என்று எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினார். நான் வாயால் கட்டின விலையை என் பணத்தால் எட்ட முடியவில்லை.

வருகிற வியாழக்கிழமை டின்னோடு ஏலக் கம்பெனிக்குப் போகிறார். சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறது. அங்கே இருக்கிற மதிப்பீட்டாளர் ஒரு நாணயத்தை ஒரே ஒரு தடவை சாய்ப்பான். அப்புறம் பத்துப் பேர் முன்னால் சொல்லுவான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் இரண்டு நாள் போனேன். இரண்டாம் மாடி வரைக்கும் ஏறினேன். மேலே அவர் அக்காவைப் பிடித்து நடத்துகிற சத்தம் கேட்டது. ஒண்ணு, ரெண்டு என்று அடி எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை அம்மா. இந்த வயதில் உன்னிடம் வந்து நிற்கிறேன். நீ அவரைக் கூப்பிடு. டின் என்னுடையது, எனக்கென்று வாங்கினது, அதை விற்க நீங்கள் யார் என்று சண்டைக்குப் போ. பணம் அனுப்புகிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதே, வைத்துவிடுவார். சண்டை என்றால் வைக்கமாட்டார், உனக்கே தெரியும். சண்டை முற்றினால், அம்மாவை நேரே காட்டுங்கள், தலையணை இல்லாமல் காட்டுங்கள் என்று கேள். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நாணயத்தைப் பற்றி அவர் கேட்டால், மாமாவைக் கேளுங்கள் என்று சொல். என் கையெழுத்துக்கு நான் பதில் சொல்லுகிறேன். ஏலக் கம்பெனியில் யாரோ ஒருவன் சொல்வதைவிட என் வாயால் கேட்டு, என்னை நாலு அறை அறையட்டும். அந்த ஸ்டூலில் நானே உட்கார்ந்துகொள்கிறேன்.

முதல் தடவை எடுக்கமாட்டார். இரண்டாவதுக்கும் எடுக்கமாட்டார். போன் அடிக்கும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பார், நான் பார்த்திருக்கிறேன். நீ வைத்துவிடாதே. அடித்துக்கொண்டே இரு.

நீ நன்றாக இருக்கவேண்டும். எங்கள் மூன்று பேரையும் நேரில் வந்து திட்டுவதற்காவது நன்றாக இருக்கவேண்டும்.

மாமா