உங்களுக்குத் தந்த பாதி டீ

எதிர்வீட்டுப் பெண் இன்று காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பல்வலி தாங்கவில்லை, கிராம்புத் தைலம் இருக்கிறதா அக்கா என்றாள். இருந்தது. பஞ்சில் தொட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவள் போன பிறகும் அந்த வாசனை கூடத்தை விட்டுப் போகவில்லை. மற்ற பெண்களுக்குப் புருஷன் நினைப்பு வர விபூதியோ பவுடரோ போதும். எனக்கு வாய்த்தது பல்வலித் தைலம். உலையை இறக்கி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் பக்கத்தில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் புதுப்பெண் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இனிப்பைக் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு எழுவது மாப்பிள்ளைக்கு அழகு. நீங்களோ கல்யாணத்தன்று இலையை நாலாக மடித்து, நீங்களே கொல்லைக்கு எடுத்துப்போய்ப் போட்டுவிட்டு வந்தீர்கள். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். பிடிக்காத பெண்ணை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மூன்று நாள் அழுதேன். நாலாம் நாள் நீங்களே வாயைத் திறந்து காட்டினீர்கள். நாக்கிலும் உள்கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புண். ஈறெல்லாம் வீங்கிச் சிவந்து, இருபத்தெட்டு வயதிலேயே பல் ஆடிக்கொண்டிருந்தது.

"என் எச்சில் உனக்கு வேண்டாம். எனக்கு வந்தது என்னோட போவட்டும்," என்றீர்கள்.

அன்றிலிருந்து உங்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அதையும் என்னைக் கழுவவிட மாட்டீர்கள். நான் கோபித்துக்கொண்டு எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். நீங்கள் உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டு நின்றீர்களே தவிர, அந்த ஒன்றில் மட்டும் இறங்கி வரவில்லை.

ஊர் வேறு விதமாகப் பேசியது. பாண்டிச்சேரி ஆட்சியிலிருந்த நம் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு இருந்த காலம். இங்கே வந்து குடிக்கிறவர்கள் வாசனை தெரியாமலிருக்கக் கிராம்பை மென்றுகொண்டு பஸ் ஏறுவார்கள். கோவில்பத்திலிருந்து சைக்கிளில் ஆபீஸ் போய், டைப் அடித்துவிட்டு நேரே வீட்டுக்கு வருகிற நீங்களும், புண்ணுக்குத் தடவிய தைலத்தால், கிராம்பு வாசனையோடுதான் வருவீர்கள். சாராயத்தில் வெந்த வாய் என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அந்த வருஷம் காதில் சீழும் நெஞ்சில் சளியுமாக இரண்டு முறை படுத்து எழுந்தீர்கள். உள்ளூர் டாக்டர் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். முதல் தடவை போகும்போது எல்லைப் பாலம் தாண்டியதும் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினாரே, நினைவிருக்கிறதா? கிராம்பு வாசனையை மோந்துவிட்டு உங்களை ஊதச் சொன்னார். "ஊதறதுக்கு அது என்ன நாயனமா? புண்ணு சார் அது," என்று நான் சத்தம் போட்டேன். நீங்கள் வாயை அகலத் திறந்து காட்டினீர்கள். அவர் இரண்டடி பின்னால் போனார். "பாத்தியா, போலீசே பயந்துட்டாரு," என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே ரத்தம் எடுத்தார்கள், எச்சில் எடுத்தார்கள். மூன்றாம் தடவை போனபோதுதான் அந்த லேடி டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"எல்லார் வாயிலயும் கிருமி குடியிருக்கும்மா. நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். ரத்தத்துலயும் எச்சில்லயும் ஒரு எதிர்ப்புச் சத்து இருக்கு. அதுதான் கெட்டதைத் தலையெடுக்க விடாம வச்சிருக்கும். இவருக்கு அந்தச் சத்தே சரியா ஊறல. அதனால வாய்க்குள்ள கெட்டது கை ஓங்கிப்போச்சு."

நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்: "நான் சுத்தமா இல்லாததால வந்தது இல்லீங்களே?"

"இல்லவே இல்ல," என்றார். தலையைக் குனிந்துகொண்டீர்கள். தினம் நாலு வேளை பல் துலக்குகிற மனிதர் மனதில் இத்தனை நாள் இதுதான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சத்தை ஊசியாகப் போடலாம், மருந்து வரவழைக்க வேண்டும், அடுத்த மாதம் வாருங்கள் என்றார். எழுந்திருக்கும்போது என்னிடம், "இது ஒட்டுவாரொட்டி இல்லம்மா, உங்களுக்கு வராது, பயப்படாதீங்க," என்றார். அந்த ஒரு வார்த்தையை மடியில் முடிந்துகொண்டு வந்தேன்.

திரும்பும் வழியில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. எனக்கு இரண்டு நாளாகத் தொண்டை கமறல், இருமல். சூடாக ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"மிச்சம் வை. நான் குடிக்கிறேன்."

"வேற ஒண்ணு சொல்றேங்க. இது ஆறிப்போச்சு."

"வேற வேணாம். இதத்தான் கேக்குறேன்."

முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் இருமிவிட்டு, கிளாஸை உங்களிடம் கொடுத்தேன். எனக்குத்தான் உங்களிடமிருந்து வராதே, அப்புறம் என்ன? நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தீர்கள். "இன்னைக்குத்தாண்டி எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு," என்றீர்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு.

அடுத்த மூன்று நாளும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். தனி டம்ளரைத் தூக்கிப் பரணில் போட்டேன். என் வாழ்வில் சந்தோஷமாக இருந்த நாட்களைக் கேட்டால் அந்த மூன்றைத்தான் சொல்வேன். நாலாம் நாள் உங்களுக்குக் குளிர்ஜுரம். ஆறாம் நாள் மூச்சு இழுத்தது. வாடகைக் காரில் மறுபடி பாண்டிச்சேரி. இரண்டு நுரையீரலிலும் சளி கட்டிவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் விடியுமுன் போய்விட்டீர்கள்.

"உங்களுக்கு இருமல் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார் அந்த டாக்டர். ஆமாம் என்றேன். கையிலிருந்த சீட்டை மடித்து வைத்தார். "அவர் வாயில இருந்ததே நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கலாம். உங்க இருமலாவும் இருக்கலாம். எதுன்னு சொல்ல முடியாது." உங்கள் நோய் எனக்கு வராது, என்னுடையது எதிர்ப்புச் சத்து இல்லாத உங்களுக்குப் போகும். வராது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தவள் நான். போகும் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்து வருஷம் ஆகப்போகிறது. அந்த ஊசி இப்போது சுலபமாகக் கிடைக்கிறதாம். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் விதி என்கிறார்கள். விதியா இருமியது? நான் இருமினேன். டீயைத் தரமாட்டேன் என்றிருந்தால், டாக்டர் சொல்லியும் இவளுக்கு மனசு வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அப்படி நினைத்துக்கொண்டாவது இருந்திருப்பீர்களே.

இப்போதும் தொண்டை கமறினால் உங்கள் படம் மாட்டியிருக்கும் கூடத்தில் நான் நிற்பதில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுகிறேன். இருமல் முழுக்க அடங்கிய பிறகுதான் உள்ளே வருகிறேன்.